ஆளில்லாத அறையின் ஏகமனதான முடிவு

நன்றி என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. கடைக்கு வருபவர்களிடமும் சொல்லிவிட்டேன்: நகல் எடுத்தாயிற்றா, கிளம்புங்கள், நன்றி எல்லாம் வேண்டாம் என்று. திமிர் பிடித்தவன் என்று தெருவில் பெயர் வாங்கியாயிற்று. இருக்கட்டும். திசு வங்கியோடு ஒரு வருடம் பழகியவன் வேறு எப்படி இருப்பான்?

என் நகல் கடையும் டெய்லர் அண்ணன் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அவருடைய மெஷினுக்குக் கீழே ஒரு கோணி மூட்டை இருக்கும். யார் துணி கொடுத்தாலும், வெட்டியது போக மிஞ்சும் துண்டை அவர் தூக்கிப் போடமாட்டார். ஒரு சீட்டில் ஆள் அடையாளத்தை எழுதுவார். ‘பல் டாக்டர், சாம்பல் கோட்டு.’ ‘மூணாம் மாடி டீச்சர், பூப்போட்ட கவுன்.’ அதைக் குண்டூசியால் துண்டில் குத்தி மூட்டைக்குள் போடுவார். நாலு வருடம் கழித்து அந்தக் கோட்டு முழங்கையில் கிழிந்து வந்தால், மூட்டையைக் கவிழ்த்துத் தேடி, அதே துணியில் ஒட்டுப் போட்டுக் கொடுப்பார். ஒட்டு இருப்பதே தெரியாது.

“ஊரெல்லாம் தேடினாலும் இந்த நிறம் கிடைக்காது தம்பி. அதே துணியில வெட்டினதுதான் அதோட சேரும்” என்பார்.

இந்த மூட்டைதான் அவரைக் கெடுத்தது. மிச்சத்தை எடுத்து வைத்திருப்பவர்கள், உரியவர் வந்து கேட்டால் கொடுப்பார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது. வயிற்றுக்குள் ஒரு கட்டி. அறுவை சிகிச்சைக்குக் கொண்டு போகும்போது, தள்ளுவண்டியை நிறுத்தி, அட்டையில் வைத்து ஒரு காகிதத்தை நீட்டினார்கள். வெட்டி எடுக்கும் திசுவை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதமா என்று அதில் கேட்டிருந்தது. அண்ணிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. கண்ணாடியை முன்பே கழற்றி வாங்கிவிட்டார்கள். “நல்ல காரியம்தான், நாலு பேருக்கு உதவும், போடு” என்று அண்ணன்தான் அட்டையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் இருந்தார். அப்புறம் இல்லை.

அதே கட்டி போன வருடம் மகளுக்கு வந்தது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கிறாள். பார்த்தாள் என்று எழுத வேண்டும், இன்னும் கை வரவில்லை. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் கப்பலில் போனவன் போனவன்தான். டாக்டர் நல்ல மனிதர். மேஜைமேல் இரண்டு மருந்துப் பெட்டிகளை எடுத்து வைத்தார், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

“இதுல ஒண்ணு உங்களுக்குக் கேக்கும். இன்னொண்ணு கேக்காது. ரெண்டையும் சேர்த்துக் குடுக்க முடியாது. ஒண்ணைக் குடுத்துப் பார்த்து, கேக்கலைன்னு தெரியறதுக்கே அஞ்சு மாசம் ஆயிடும். அவ்வளவு நாள் உங்ககிட்ட இல்லம்மா” என்றார். “கட்டி இருக்கிற இடத்துல கத்தி வைக்க முடியாது. ஆனா உங்கம்மாவோட கட்டியை எடுத்து வச்சிருப்பாங்க இல்லையா? அதுல கடுகளவு கிடைச்சாப் போதும். உங்க ரத்தத்தோட வச்சுப் பார்த்து வெள்ளையா சிவப்பான்னு சொல்லிடுவேன்.”

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “அவ்வளவுதானே டாக்டர்? துண்டு இருக்கு. போய் வாங்கிட்டு வர்றேன்” என்றார், ஏதோ என் கடையில் போய்ப் பேனா வாங்கி வருவதைப்போல.

அந்த வாரமே ‘கொடையாளி 3018 குடும்பத்தினர்’ என்று ஒரு அழைப்பு வந்திருந்தது. திசு வங்கி வருடா வருடம் நடத்தும் நன்றி நாள். ஆறு வருடமாகக் கிழித்துப் போட்ட அழைப்பு. இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் ஒரு நன்றிச் சுவர். கொடையாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக அதில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும் பொடி எழுத்தில் இருந்தன. பணம் கொடுத்த கம்பெனிகளின் பெயர்கள் ஆளுயரத்துக்கு இருந்தன. அவர்கள் தங்கள் அந்தரங்கத்தைத் தியாகம் செய்தவர்கள் என்று ஒலிபெருக்கியில் விளக்கினார்கள். கம்பெனி என்று நாங்கள் சொன்னதற்கு ஒரு தொண்டர் திருத்தமும் செய்தார். இங்கே அவர்களைக் கூட்டாளி என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

ஒரு நிமிட மௌனம், ஒரு கூட்டாளியின் ஆதரவில் நடந்தது. அது முடிந்ததும் அவர்களுடைய சின்னம் திரையில் வந்துபோனது. பிறகு இயக்குநர் மேடையேறினார். கனிந்த முகம். பேசும்போது இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொள்வார்.

“இன்னிக்கு நான் திறந்த மனசோட பேசறேன்” என்றார். “இந்த வங்கி தொடங்கின நாள்ல இருந்து ஒரு கடுகளவு திசுவைக்கூட நாங்க வித்ததில்லை. வித்தா அது குத்தம். நாங்க பகிர்ந்துக்கறோம். அதுக்கு நன்றியா எங்க கூட்டாளி இந்தக் கட்டடத்தைக் கட்டிக் குடுத்தாங்க. அதுவும் நாங்க கேக்காமலே. எனக்கு ஒரு கார் குடுத்தாங்க, அதையும் நான் கேக்கலை. என் ரெண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு வேலை குடுத்தாங்க, பிள்ளைகளும் கேக்கலை. இதுல எங்கயாவது வியாபாரம் தெரியுதா? எனக்கு அன்புதான் தெரியுது.”

கைதட்டல். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“முக்கியமா ஒருத்தரைச் சொல்லணும். கொடையாளி 3018. பொதுவா வெளியில எடுத்த செல்கள் கொஞ்ச நாள்ல செத்துடும். இந்த அம்மாவோடது சாகவே மாட்டேங்குது. குடுவை குடுவையா வளருது. ஏழு நாட்டுல இருக்காங்க. எடை போட்டா, உயிரோட இருந்தப்ப இருந்ததைவிட இப்ப அதிகம். நம்ம கூட்டாளியோட முகக் க்ரீம் எரிச்சல் தராதுன்னு உலகத்துக்கு நிரூபிச்சதே இந்த அம்மாதான்!”

அண்ணன் என் கையைப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டுவதைப் பார்த்து அவரும் தட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

தேநீர் இடைவேளையில் அண்ணன் நேரே இயக்குநரிடம் போனார். “ஐயா, 3018 என் சம்சாரம்தான். கடுகளவு வேணும், என் மகளுக்கு” என்றார்.

இயக்குநர் அவரைக் கட்டியணைத்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். “இத்தனை வருஷத்துல ஒரு குடும்பம்கூட வந்து கேட்டதில்லை. நீங்கதான் முதல். மனசு நிறைஞ்சிருக்கு. விண்ணப்பம் போடுங்க” என்றார். வாசலில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அதற்குள் ஒரு நன்றி அட்டையும் அந்த முகக் க்ரீமும் இருந்தன.

வீட்டில் மகள் க்ரீம் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அம்மா பவுடர்கூடப் போட்டதில்லை” என்றாள். அப்புறம் சிரித்தாள். “ஏழு நாட்டுல இருக்காங்களாம் சித்தப்பா. நம்ம வீட்டுல மட்டும்தான் இல்லை.”

விண்ணப்பம் பதினாலு பக்கம், ஆறு நகல். நானே நிரப்பினேன். திசு வேண்டும் ஆய்வாளரின் பட்டங்கள்: பொருந்தாது. ஆய்வுக்கூடம்: தையல் கடை. வணிகக் கூட்டாளி யார்: யாருமில்லை. ஆய்வின் தலைப்பு என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘மகள் பிழைப்பாளா?’ என்று எழுதினேன். வேறு தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

கவுன்டரில் ஒரு செயலர் அம்மா இருந்தார். நாற்பது வயது இருக்கும், களைத்த கண்கள். எங்கள் காகிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது ஆய்வு இல்லை, சிகிச்சை. கொடையாளி ஆய்வுக்கு மட்டும்தான் சம்மதம் குடுத்திருக்காங்க. அவங்க விருப்பத்தை மீறி அவங்க மகளுக்குக் குடுத்தோம்னா, அது கொடையாளிக்கு நாங்க பண்ற துரோகம்.”

“அவ என் பொண்டாட்டிம்மா. மகளுக்கு வேணாம்னா சொல்லுவா?”

“அவங்க நேர்ல வந்து சொல்லணும் ஐயா.”

“முகத்துக்குப் பூசற க்ரீமுக்கு மட்டும் குடுத்தீங்களே?” என்று நான் கேட்டேன்.

“அது தயாரிப்பு மேம்பாட்டு ஆய்வு சார்” என்றார் செயலர் அம்மா. சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வணிகக் கூட்டாளி இல்லைன்னு எழுதியிருக்கீங்க. கூட்டாளி இல்லாத விண்ணப்பத்துக்குக் கணினியில இடமே இல்லை. அறநெறிக் குழுவுக்குத்தான் அனுப்ப முடியும். அங்க பெரியவங்க இருக்காங்க, நியாயம் பேசறவங்க” என்றார்.

குழு கூட ஆறு வாரம் ஆகும் என்றார்கள். மகளின் வயிறு அதற்குள் கல்லாகிவிட்டிருந்தது. டாக்டர் இரண்டு முறை போன் செய்து கேட்டார். “இனிமே காத்திருக்க முடியாது. கண்ணை மூடிட்டு ஒண்ணை ஆரம்பிக்கிறேன்” என்றார். வெள்ளைப் பெட்டியை ஆரம்பித்தார். கூட்டத்துக்கு அப்போது மூன்று நாள் இருந்தது.

அறநெறிக் குழுவின் அறையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீள மேஜை, ஒன்பது தோல் நாற்காலி, உடம்பு விறைக்கும் குளிர். சுவரில் ‘மனசாட்சியே எங்கள் மூலதனம்’ என்று எழுதியிருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு வலப்பக்கம் தத்துவப் பேராசிரியை, இடப்பக்கம் பொதுமக்கள் பிரதிநிதி. மற்ற ஆறு பேரும் மருத்துவர்கள். அண்ணன் தன் கையால் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காகிதத்தை எடுத்துச் சொல்லும் உதவியாளர் என்று நான் கூடப் போயிருந்தேன்.

விவாதத்துக்கு இரண்டு பொருள்கள் இருந்தன. முதலாவது, அண்ணனின் கடுகளவு. இரண்டாவது, 3018ஐ வேறு யாரும் தொடாமல் முகக் க்ரீம் கூட்டாளி மட்டும் இன்னும் பத்து வருடம் வைத்துக்கொள்வதற்கான வேண்டுகோள்.

“தொடங்கறதுக்கு முன்னாடி நம்ம வழக்கப்படி” என்றார் நீதிபதி. “இந்த விஷயத்துல யாருக்காவது வணிகத் தொடர்பு இருந்தா, மறைக்காம அறிவிச்சிட்டு வெளியில போயிடணும். இதுதான் இந்தக் குழுவோட அழகு. உலகத்துல வேற எங்கயும் இவ்வளவு சுத்தமா இருக்க மாட்டாங்க.”

முதலில் எழுந்தவர் பேராசிரியை. “கூட்டாளி நிறுவனம் பல்கலைக்கழகத்துல எனக்கு ஒரு ஆய்வு இருக்கை குடுத்திருக்கு. ‘கொடையும் தூய்மையும்’ங்கற தலைப்புல அஞ்சு வருஷம் சிந்திக்கிறேன். இதை அறிவிக்கிறதுல பெருமைப்படறேன்” என்று சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மற்றவர்கள் மேஜையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

ஒரு மருத்துவர் எழுந்து, தான் கூட்டாளியின் ஆலோசகர் என்றார். இன்னொருவர், தான் அந்த ஆலோசகருக்கு ஆலோசகர் என்றார். மூன்றாமவர், தனக்குப் பங்கு எதுவும் இல்லை, மனைவி பேரில்தான் இருக்கிறது என்று தெளிவுபடுத்திவிட்டுப் போனார். மீதி மூன்று மருத்துவர்களும் இப்படியே ஏதோ ஒன்றை அறிவித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் மேஜைத் தட்டல் கிடைத்தது, ஆனால் தட்டும் கைகள் குறைந்துகொண்டே வந்தன. பொதுமக்கள் பிரதிநிதி பதினோரு வருடமாகப் பொதுமக்களாக இருப்பவர். அவர் கூட்டாளி நிறுவனத்து முதலாளியின் மைத்துனராம். “பொதுமக்கள்னா யாருக்காவது மைத்துனரா இருந்துதானே ஆகணும்?” என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

கடைசியில் நீதிபதி மட்டும் இருந்தார். அண்ணன் அவரை நம்பிக்கையோடு பார்த்தார். நீதிபதி பெருமூச்சு விட்டார். “நான் அவங்களோட சட்ட ஆலோசனைக் குழுத் தலைவர். அறிவிக்காம இருந்தா என் மனசாட்சி என்னைத் தூங்க விடாது” என்று சொல்லி, அறிவித்த நிம்மதியில் நிமிர்ந்து நடந்து, வாசலில் திரும்பினார். “மனுதாரர் இருக்கக்கூடாது. அவருக்கு இதுல சொந்த நலன் இருக்கு.”

அண்ணன் எழுந்தார். நான் எழவில்லை. யாராவது ஒருவன் இந்த அறையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

“நீங்க?” என்றார் நீதிபதி.

“நான் நகல் கடைக்காரன். எனக்கு எதுலயும் பங்கு இல்லை.”

“இந்த விண்ணப்பத்துக்கு நகல் எடுத்தது யாரு?”

“நான்தான். பதினாலு பக்கம், ஆறு செட்டு.”

“காசு வாங்கினீங்களா?”

பொய் சொல்லவா முடியும்? வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதையும் மீறி அண்ணன் என் பெட்டிக்குள் போட்டிருந்தார். ஆமாம் என்றேன்.

நீதிபதியின் முகம் சிவந்துவிட்டது. “ஒரு கொடையாளி விஷயத்துல லாபம் பார்த்துட்டு, அதை அறிவிக்கவும் இல்லாம, இந்தப் புனிதமான இடத்துல உக்காந்திருக்கீங்க. எங்க குழுவோட வரலாத்துல இப்படி ஒரு வணிக நோக்கத்தை நான் பார்த்ததே இல்லை” என்றார். குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். அந்த வங்கியின் ஆவணங்களில் வணிகத் தொடர்பை மறைத்ததாகக் கண்டிக்கப்பட்ட ஒரே ஆள் இன்றைக்கும் நான்தான்.

எல்லோரும் வெளியே தாழ்வாரத்தில் நின்றோம். அங்கே தேநீரும் பிஸ்கட்டும் தயாராக இருந்தன. இப்படித்தான் எப்போதும் நடக்கும் போலிருக்கிறது. செயலர் அம்மா வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவருடைய சம்பளமும் கூட்டாளியிடமிருந்து வருவதால் உள்ளே கால் வைக்காமல், காலி அறையைப் பார்த்துப் படித்தார்.

“பொருள் ஒன்று. தையல்காரர் மனு. ஏற்பதற்கு அறையில் உள்ள ஒருவராவது ஆதரவு தர வேண்டும். ஆதரவு தெரிவிப்பவர்கள்?”

ஒரு நிமிடம் காத்திருந்தார். குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது.

“யாருமில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது. பொருள் இரண்டு. கூட்டாளியின் வேண்டுகோள். அறையில் எவரும் எதிர்க்காவிட்டால் நிறைவேறும். எதிர்ப்புத் தெரிவிப்பவர்கள்?”

அண்ணன் கையைத் தூக்கினார். “நான் எதிர்க்கிறேன்மா!” என்றார்.

“நீங்க அறையில இல்லையே ஐயா” என்றார் செயலர் அம்மா, மிகவும் வருத்தத்தோடு. மறுபடியும் ஒரு நிமிடம் காத்திருந்து, “யாருமில்லை. ஏகமனதாக நிறைவேறியது” என்று எழுதிக்கொண்டார்.

நீதிபதி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி பேராசிரியையிடம் சொன்னார்: “பாருங்க, நாம யாருமே தலையிடலை. எவ்வளவு சுத்தமான முடிவு!”

இயக்குநர் எங்களை அப்படியே விட்டுவிடவில்லை. அவர் நல்ல மனதுக்காரர். அண்ணனின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். “உங்க மகளும் கொடையாளியா சேரட்டும். ரத்தம் குடுத்தாப் போதும். அப்ப அது ஆய்வு ஆயிடும். அம்மாவையும் மகளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எங்க கூட்டாளியே பார்த்துடுவாங்க. வெள்ளையா சிவப்பாங்கறது தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சதும் டாக்டருக்குச் சொல்லிடுவீங்களா?”

“தெரிஞ்சுடும்னு சொன்னேன்” என்றார் இயக்குநர், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு.

மகள் படிவத்தைத் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். பதினேழாம் பத்தியில் விரலை வைத்துக் காட்டினாள். ‘ஆய்வின் முடிவுகள் கூட்டாளியின் சொத்து. கொடையாளிக்கோ குடும்பத்துக்கோ தெரிவிக்கப்படமாட்டாது.’

“அப்ப வேணாம்மா” என்றார் அண்ணன். “ஒரு தடவை போடு போடுன்னு சொல்லி அட்டையைப் பிடிச்சவன் நான்தான். இன்னொரு தடவை பிடிக்கமாட்டேன்.”

“நானே பிடிச்சுக்கறேன்ப்பா” என்றாள். “சொல்லமாட்டோம்னு காகிதத்துலதான் போட்டிருக்கு. அங்க இருக்கிறவங்க மனுஷங்கதானே? அத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா காதுல சொல்லமாட்டாங்க?” கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு 7742 என்று எண் கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுத் திசு வங்கிக்குப் போனார். கவுன்டருக்கு முன்னால் நின்று, “ஏதாவது தெரிஞ்சுதாம்மா?” என்று கேட்பார். கொடையாளியின் குடும்பத்தோடு ஊழியர் பேசுவதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் அனுமதி. செயலர் அம்மா அதைச் சொல்வார்: “உங்கள் பங்களிப்புக்கு நன்றி.” முதல் திங்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இரண்டாம் திங்கள் மேஜையைப் பார்த்துச் சொன்னார். “அந்தம்மாவுக்கு ஏதோ உடம்பு சரியில்லை போல தம்பி, கண்ணெல்லாம் கலங்கியிருந்துது” என்று அண்ணன் என்னிடம் வருத்தப்பட்டார். அந்த வாரம் எதற்குக் கலங்கியிருந்தது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

வெள்ளை மருந்து கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பெட்டியை எடுத்தார். அதை விழுங்குவதற்கு அப்போது அவளால் முடியவில்லை. ஏழாம் மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு அரை மணி நேரம் முன்பு, போய்விட்டாள். அவளுடைய நீலக் கோட்டில் ஒரு பித்தான் அறுந்திருந்தது. அண்ணன் உட்கார்ந்து அதைத் தைத்தார், பிறகு அதை அவளுக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை. அவர் அழவில்லை.

நன்றி நாள் மறுபடியும் வந்தது. இந்த முறை அழைப்பில் ‘இரட்டைக் கொடைக் குடும்பம்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. முதல் வரிசையில் இடம். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். “என் வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் அங்கதானே இருக்காங்க” என்று கிளம்பிவிட்டார். பேத்தியை என் மனைவியிடம் விட்டுவிட்டு நானும் போனேன்.

மௌனம், சின்னம், அன்பு எல்லாம் முடிந்தன. இயக்குநர் திரையைக் காட்டினார். “இந்த வருஷத்தோட மகத்தான வெற்றி. ஒரே நோய், தாயும் மகளும். இப்படி ஒரு ஜோடி உலகத்துல யார்கிட்டயும் இல்லை. 3018, 7742!”

திரையில் இரண்டு எண்கள் வந்தன. கீழே இரண்டு மருந்துப் பெட்டிகளின் படம். வெள்ளைப் பெட்டியின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. சிவப்புப் பெட்டியைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு என்று எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும் படம்.

அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வைபோல எதையோ தோளில் போட்டார்கள்; கூட்டாளியின் பெயர் அச்சடித்த துணி. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அண்ணன் அந்தத் துணியின் ஓரத் தையலைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார். “இது எப்ப தெரிஞ்சுது?”

இயக்குநருக்கு இதைவிடப் பிடித்த கேள்வி இருந்திருக்க முடியாது. “அதுதான் விசேஷமே!” என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். “உங்க மகள் ரத்தம் குடுத்த பதினோராம் நாள்! மத்தவங்களா இருந்தா ரெண்டு மாசம் ஆகும். எங்க கூட்டாளிக்குப் பதினோரே நாள்!”

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. பதினோராம் நாள் அவள் வெள்ளை மருந்தின் மூன்றாவது வாரத்தில் இருந்தாள். எழுந்து நடந்துகொண்டிருந்தாள், குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள், சிவப்பை விழுங்க அவளால் முடிந்திருக்கும். இரண்டாவது திங்கட்கிழமைக்கு முந்தின நாள் அது. கைதட்டல் அடங்கும்வரை அண்ணன் மேடையிலேயே நின்றார். நான் இந்த முறை தட்டவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

வாசலில் பைகளுக்குப் பக்கத்தில் செயலர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு புதுப் படிவம் இருந்தது. தலைக்குமேல் சிரிக்கும் குழந்தையின் படம். மூன்று தலைமுறை இருந்தால் தொகுப்பு முழுமையாகும் என்று கூட்டாளி விரும்புகிறார்களாம். பேத்தியின் ரத்தம், காப்பாளர் கையெழுத்து.

அண்ணன் படிவத்தை வாங்கி, பதினேழாம் பத்திவரை விரலை ஓட்டிப் போனார். “நாளைக்குக் குழந்தைக்கும் இது வந்தா, அப்பவாவது எங்களுக்குச் சொல்லுவீங்களாம்மா?” என்று கேட்டார்.

செயலர் அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டார். “சொல்ல முடியாதுங்க ஐயா” என்றார். “நன்றி சொல்லுவோம்.”

அண்ணன் படிவத்தை மடிப்புக் கலையாமல் அவர் மேஜைமேலேயே வைத்தார். அந்தச் சால்வையையும் அதன்மேல் மடித்து வைத்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசியிருப்பேன், என்னையும் பேசவிடவில்லை.

மறுநாள் கடையைத் திறந்தார். பத்து மணிக்கு மூணாம் மாடி டீச்சர் வந்தார். பூப்போட்ட கவுன் ஆணியில் மாட்டிக் கிழிந்துவிட்டதாம், தைத்து ஆறு வருடம் இருக்கும், துணி மிச்சம் இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாமென்று வந்தாராம். அண்ணன் மூட்டையைத் தரையில் கவிழ்த்தார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுகளைப் பார்த்தாள். மேலாக ஒரு நீலத் துண்டு கிடந்தது. அதில் குத்தியிருந்த சீட்டில் ‘மகள், கோட்டு’ என்று இருந்தது. அண்ணன் அதை எடுத்து மூட்டையின் அடியில் வைத்தார். அரை மணி நேரம் தேடிப் பூப்போட்ட துண்டைக் கண்டுபிடித்தார். உள்ளங்கை அளவுதான் இருந்தது.

டீச்சருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “இவ்வளவு வருஷம் எடுத்து வச்சிருக்கீங்களே! கேட்டதும் தர்றீங்களே!” என்றார்.

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கண்ணீர் அப்போதுதான் வந்தது.

“உங்க துணிதானேம்மா” என்றார்.